எதிரெதிர் முகங்களைக் கட்டுவது: பீரியாடிக் எல்லை நிபந்தனைகள் குறித்த கேள்வி பதில்

இழைக் கலவைப் பொருளில் ஒரு சிறு துண்டை மட்டும் மாடல் செய்து, அதே துண்டு எல்லாத் திசையிலும் அடுக்கடுக்காகத் தொடர்வதாகக் கொண்டு மொத்தப் பொருளின் விறைப்பைக் கணக்கிடுபவர்கள் கேட்டவை இவை. துண்டை எலிமென்ட் எனும் சிறு கூறுகளாகப் பிரிக்கும் வலைதான் மெஷ்; அதன் புள்ளிகள் கணுக்கள். எதிர் முகங்களின் கணுக்களைச் சோடி சோடியாகக் கட்டுவதே பீரியாடிக் எல்லை நிபந்தனை. கடைசி இரண்டு கேள்விகள் பாய்மம், அலை பற்றியவை.

கேள்வி: சார், எதிர் முகங்களில் உள்ள கணுக்களின் பெயர்ச்சியைச் சமமாக வைத்தேன். இழுத்தால் துண்டு நீளவே இல்லை. ஏன்?

சமமாக வைத்தால் நீள்வதற்கு வழியே இல்லை. இரு முகமும் ஒரே அளவு நகர்ந்தால் சராசரித் திரிபு, அதாவது நீளத்தோடு ஒப்பிட்ட நீட்சி, பூச்சியம்தான். எழுத வேண்டிய உறவு இது: வலது கணுவின் பெயர்ச்சி − அதன் இடது இணையின் பெயர்ச்சி = சராசரித் திரிபு × துண்டின் நீளம். இரு முகத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியது சராசரிக்கு மேலான ஏற்ற இறக்கம் மட்டுமே.

அபாகஸ் என்ற மென்பொருளின் ஈக்குவேஷன் கட்டளையில் வலது பக்கம் எப்போதும் பூச்சியம். அதனால் எந்த எலிமென்டிலும் சேராத மூன்று துணைக் கணுக்களை, திசைக்கு ஒன்றாக, உருவாக்குங்கள். வலது − இடது − முதல் துணைக் கணு = 0 என்று ஒவ்வொரு திசைக்கும் எழுதுங்கள். பிறகு திரிபு × நீளத்தை அந்தத் துணைக் கணுவின் பெயர்ச்சியாகக் கொடுத்தால் போதும். முகம் வளைந்து நெளிந்தாலும் கவலை வேண்டாம். எதிர் முகமும் அதே வடிவில் நெளியும்.

கேள்வி: முகங்களுக்குச் சமன்பாடு எழுதினால், சில கணுக்கள் ஏற்கெனவே வேறொரு சமன்பாட்டில் நீக்கப்பட்டுவிட்டன என்று பிழை வருகிறது. எங்கே தவறு?

விளிம்பிலும் மூலையிலும். பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன, எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அபாகஸ் ஸ்டாண்டர்டில் ஒவ்வொரு சமன்பாட்டிலும் முதலில் எழுதப்படும் கணுவின் அந்தத் திசைப் பெயர்ச்சி அறியாதவற்றின் பட்டியலிலிருந்து நீக்கப்படும். ஒருமுறை நீக்கியதை மறுபடி நீக்க முடியாது, அதன்மேல் எல்லை நிபந்தனையும் போட முடியாது. வலது-மேல் விளிம்பில் இருக்கும் கணு வலது முகத்துக்கும் சொந்தம், மேல் முகத்துக்கும் சொந்தம். முகம் முகமாக எழுதினால் அது இருமுறை சிக்கும்.

எண்ணிப் பாருங்கள். பக்கத்துக்கு 10 எலிமென்ட் என்றால் கனசதுரத்தில் 11 × 11 × 11 = 1331 கணுக்கள். பீரியாடிக் ஆன பின் உண்மையில் தனித்து நிற்பவை 10 × 10 × 10 = 1000. ஆக நீக்க வேண்டியவை 331. மூன்று முகச் சோடிகளையும் விளிம்போடு சேர்த்து எழுதினால் 3 × 121 = 363 வரும். மிகுதி 32 கணு, அதாவது 96 சமன்பாடுகள் வீணாக வந்தவை.

சரியான பிரிப்பு இப்படி. முதலில் முகங்களின் உட்பகுதி மட்டும், விளிம்பு இல்லாமல்: 3 × 81 = 243. அடுத்து விளிம்புகள், மூலை இல்லாமல். ஒரே திசையில் ஓடும் நான்கு விளிம்புகளில் ஒன்றைத் தலைமையாக வைத்து மற்ற மூன்றையும் நேராக அதனோடு கட்டுங்கள்: 9 × 9 = 81. கடைசியாக மூலைகள். ஆதிப் புள்ளியில் உள்ள மூலையோடு மீதி 7 மூலைகளையும் கட்டுங்கள். 243 + 81 + 7 = 331. உங்கள் ஸ்கிரிப்ட் எழுதிய சமன்பாடுகளின் எண்ணிக்கை இதன் மூன்று மடங்கு, 993, வருகிறதா என்று ஓட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

குறுக்கு விளிம்புக்கு இரண்டு துணைக் கணுக்களும், எதிர்க்கோடி மூலைக்கு மூன்றும் சமன்பாட்டில் வர வேண்டும். இதை மறந்தால் பிழைச் செய்தி வராது, விடை மட்டும் தப்பாகும். துணைக் கணுவை எப்போதும் கடைசியில் எழுதுங்கள். முதலில் எழுதினால் அதுவே நீக்கப்படும். திரிபு கொடுக்க இடம் இருக்காது.

கேள்வி: கணுத் தொகுப்புகளை வைத்து ஒரே வரியில் எழுதலாமா?

எழுதலாம். ஆனால் இரு தொகுப்பிலும் கணுக்கள் வரிசை மாறாமல் சோடி சேர வேண்டும். அபாகஸ் இயல்பாகக் கணு எண்ணின்படி வரிசைப்படுத்திவிடும். தொகுப்பை அன்சார்ட்டெட் என்று குறிக்காவிட்டால் மேல் மூலையருகே உள்ள கணு எதிர் முகத்தின் நடுக் கணுவோடு கட்டப்படும். படத்தில் முகம் கசங்கிய துணி மாதிரி தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கணுவுக்குக் கணு தனித்தனியாக எழுதுவதே பாதுகாப்பு.

கேள்வி: இரு முகங்களின் மெஷ்ஷும் ஒத்து வரவில்லை அண்ணா. இழை முகத்தை வெட்டும் இடத்தில் இணைக் கணுவே கிடைக்கவில்லை.

முதலில் வடிவத்தைச் சரிபாருங்கள். வலது முகத்தில் வெட்டுப்பட்ட இழையின் மீதி இடது முகத்தில் அதே உயரத்தில் இருந்தாக வேண்டும். அது இல்லையென்றால் மெஷ்ஷைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஜிமெஷ் என்ற மெஷ் மென்பொருளில், மெஷ் உருவாக்குவதற்கு முன்பே செட் பீரியாடிக் கொடுங்கள். அதில் தரும் 16 எண்கள் தலைமை முகத்தைச் சார்பு முகத்துக்கு நகர்த்தும் உருமாற்றம். திசையைத் தலைகீழாகக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. இழைகளை வெட்டிச் சேர்த்த பின் ஒரு முகம் பல துண்டு முகங்களாகியிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் எல்லைப் பெட்டியை நகர்த்தி எதிர்த் துண்டைத் தேடித் தனியாகச் சோடி சேர்க்க வேண்டும்.

கணுக்களைச் சோடி சேர்க்கும்போது ஆயத்தொலைவுகள் அப்படியே சமமா என்று ஒப்பிடாதீர்கள்; கடைசித் தசம இலக்கம் ஒத்துப்போகாது. எலிமென்ட் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சகிப்பளவாக வைத்து, மிக அருகிலுள்ள கணுவைத் தேடுங்கள். ஒரே கணு இருவருக்குச் சோடியாகவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள்.

மெஷ் ஒத்து வரவே வழியில்லை என்றால், சார்புக் கணுவின் பெயர்ச்சியை எதிர் முகத்தில் அது விழும் எலிமென்டின் வடிவச் சார்புகள் (கணுக்களின் மதிப்பிலிருந்து உள்ளே உள்ள மதிப்பைத் தருபவை) வழியாக எழுதலாம். விடை ஓரளவு சரியாக வரும். முகத்தை ஒட்டிய தகைவுகளை (ஒரு பரப்பளவுக்கான உள்விசை) மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: துண்டு நகராமல் இருக்க ஒரு முகத்தையே நிலைநிறுத்தலாமா?

கூடாது. அப்படிச் செய்தால் எதிர் முகமும் தட்டையாகிவிடும், பீரியாடிக் என்பதற்கே பொருள் இருக்காது. ஆதி மூலை ஒன்றை மட்டும் மூன்று திசையிலும் பிடியுங்கள். சுழற்சியைத் துணைக் கணுக்கள் தடுக்கும், ஆனால் அவற்றின் குறுக்குத் திசைகள் (தன் சொந்தத் திசை அல்லாதவை) ஆறையும் விட்டுவிட்டால் துண்டு சுழலும், சமன்பாட்டு அணி ஒருமையாகும், அதாவது தனித்த விடை கிடைக்காது. ஒரு திசை இழுவைக்கு: முதல் துணைக் கணுவின் 2, 3 திசைகளையும் இரண்டாவதன் 3ஆம் திசையையும் பூச்சியமாக்கி, மற்ற மூன்று குறுக்குத் திசைகளை விட்டுவிடுங்கள்.

கேள்வி: நறுக்கு விறைப்பு எதிர்பார்த்ததைப் போல சரியாக இரண்டு மடங்கு வருகிறது.

சரியாக இரண்டு மடங்கு என்றால் காரணம் ஒன்றுதான். முதல் துணைக் கணுவை 2ஆம் திசையிலும், இரண்டாவதை 1ஆம் திசையிலும் தலா 0.01 திரிபுக்கு நகர்த்தியிருப்பீர்கள். பொறியியல் நறுக்குத் திரிபு இரண்டின் கூட்டல், 0.02. நீங்கள் தகைவை 0.01ஆல் வகுக்கிறீர்கள்.

தகைவை எடுக்க எலிமென்ட் எலிமென்டாகச் சராசரி பார்க்கவும் தேவையில்லை. முதல் துணைக் கணுவின் எதிர்விசையை அந்த முகத்தின் முழுப் பரப்பால் வகுத்தாலே சராசரித் தகைவு. துளை இருந்தால் அதன் பரப்பையும் சேர்த்துத்தான் வகுக்க வேண்டும்.

எல்லாம் சரியா என்று பார்க்க, இழைக்கும் பிசினுக்கும் ஒரே பொருள் பண்பைக் கொடுத்து ஓட்டுங்கள். தகைவு எங்கும் ஒரே எண்ணாக, கொடுத்த யங் குணகமே திரும்பி வர வேண்டும். மூலையில் சிறு புள்ளி நிறம் மாறித் தெரிந்தாலும் சமன்பாட்டில் தவறு இருக்கிறது.

கேள்வி: நானே சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) எழுதுகிறேன். இந்தக் கட்டுகளைச் சேர்க்க நீக்கல், லக்ராஞ்சுப் பெருக்கி, பெனால்டி (மீறலுக்குப் பெரிய எடை போடுவது): எது நல்லது?

நீக்கல். அறியாதவை குறையும், அணி சமச்சீராகவும் நேர்மறையாகவும் நிற்கும், காஞ்சுகேட் கிரேடியன்ட் என்ற படிப்படியான தீர்வு முறை ஓடும். கட்டு ஒவ்வொன்றுக்கும் கூடுதல் அறியாததைச் சேர்க்கும் லக்ராஞ்சு முறையில் மூலைவிட்டத்தில் பூச்சியங்கள் வந்து நேர்மறைத் தன்மை போய்விடும். மின்ரெஸ் என்ற படிப்படியான முறை அல்லது நேரடி சால்வர் வேண்டும். மிகுதிச் சமன்பாடு ஒன்று இருந்தாலே அணி ஒருமையாகும். பெனால்டி அந்த மிகுதியைப் பொறுத்துக்கொள்ளும், அதனால் தவறையும் மறைத்துவிடும். எடை சிறிதென்றால் முகங்கள் பிரியும். அளவுக்கு மீறினால் கணினியின் 16 இலக்கத் துல்லியத்தைத் தின்றுவிடும்.

ஃபெனிக்ஸ் மென்பொருளின் பழைய பதிப்பில் இரு பரிமாணச் சதுரத்துக்கு, இடது மற்றும் அடி ஓரங்களைத் தலைமையாகக் குறிக்கும்போது இடது-மேல், வலது-அடி மூலைகளை விலக்க மறக்காதீர்கள். வலது-மேல் மூலையை இரு திசையிலும் ஒரே நேரத்தில் நகர்த்துங்கள். டீல்-டூ என்ற நிரல் நூலகத்தில் பல செயலிகளுக்குப் பகிர்ந்த மெஷ் என்றால், நுண்மையாக்குவதற்கு முன் கரடு மெஷ்ஷிலேயே பீரியாடிக் முகங்களைச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: கால்வாய் ஓட்டத்தில் நுழைவையும் வெளியேற்றத்தையும் பீரியாடிக் ஆக்கினேன். ஓட்டம் நின்றுவிடுகிறது.

அழுத்தத்தையும் பீரியாடிக் ஆக்கியதால் தள்ளும் விசை போய்விட்டது. அழுத்தத்தை இரண்டாகப் பிரியுங்கள்: நேர்கோட்டில் இறங்கும் பகுதி, மீதி ஏற்ற இறக்கம். மீதி மட்டும் பீரியாடிக். இறங்கும் சரிவை ஒரு பருமன் விசையாக உந்தச் சமன்பாட்டில் சேருங்கள். நிலைத்த நிலையில் சுவர்த் தகைவு = சரிவு × கால்வாயின் அரை உயரம்; சோதிக்க இது போதும். அழுத்தத்துக்கு ஒரு மாறிலி மிச்சமிருக்கும். அதை சால்வருக்கு வெற்று வெளியாக (எவ்வளவு கூட்டினாலும் சமன்பாடு மாறாத பகுதியாக) தெரிவியுங்கள்.

கேள்வி: அலைப் பரவலுக்கு ப்ளாக் நிபந்தனை (எதிர் முகங்களுக்கு இடையே அலையின் கட்டம் மட்டும் மாறும் பீரியாடிக் நிபந்தனை) வேண்டும். அபாகஸ் சமன்பாட்டில் கலப்பெண் கெழு ஏற்கவில்லை.

ஒரே மெஷ்ஷை இரண்டு பிரதிகளாக வையுங்கள்: ஒன்று மெய்ப் பகுதி, மற்றது கற்பனைப் பகுதி. கட்டக் கோணத்தின் கொசைன், சைன் மதிப்புகளைக் கெழுவாக வைத்து இரு பிரதிகளின் எல்லைக் கணுக்களையும் சேர்த்துக் கட்டுங்கள். ஒவ்வொரு அதிர்வெண்ணும் விடையில் இரட்டையாக வரும். அது பிழையல்ல, சோடியில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.