தூக்கிப் போட்டது எங்கே போனது?

கேள்வி: சில மாதங்களாக மினிமலிச வாழ்க்கை, அதாவது குறைந்த பொருட்களோடு வாழும் வாழ்க்கை வாழ்கிறேன். வீட்டில் இருந்த பழைய சாமான்கள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன். வீடு பளிச்சென்று இருக்கிறது, மனசும் லேசாகிவிட்டது. ஆனால் மாதக் கடைசியில் கையில் பணம் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறதே, ஏன்?

பதில்: தூக்கிப் போட்டீர்கள், சரி. எங்கே போட்டீர்கள்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள், எனக்கு அதுதான் தெரிய வேண்டும். ஓடாத ஃபேன், பழைய போன், சாயம் போன சட்டை எதுவுமே வாசலைத் தாண்டியதும் காற்றில் கரைந்துவிடுவதில்லை. 2022-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்று ஐ.நா. அமைப்புகள் கணக்குக் கொடுத்திருக்கின்றன. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மிச்சத்தில் எவ்வளவோ குப்பை மேட்டில் கிடக்கிறது, வெட்டவெளியில் எரிகிறது, அந்தப் புகையை யாரோ சுவாசிக்கிறார்கள். உங்கள் மனசு லேசானதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பாரம் இடம் மாறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணம் நிற்காததற்கும் இந்தத் தூக்கிப் போடுவதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 'கண்ணில் படுவதை எல்லாம் வெளியேற்று, தேவைப்பட்டால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்' என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, அந்த யோசனையை நான் பல வருடமாக எதிர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இனியும் எதிர்ப்பேன். அப்புறம் வாங்கிக்கொள்ள முடிகிறவருக்கு மட்டும்தான் அது பொருந்தும். கை இறுகிய வீட்டில் ஒரு டப்பா நிறைய ஸ்க்ரூ, வாஷர், துண்டு ஒயர், பழைய பொத்தான் கிடக்கும், பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அந்த வீட்டின் சேமிப்பில் ஒரு பங்கு அந்த டப்பாவுக்குள்தான் இருக்கிறது. அதை அலங்கோலம் என்று சொல்லி வெளியே கொட்டச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

காலியாகத் தெரிகிற வீடும் சிக்கனமான வீடும் ஒன்றல்ல. இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தில் ஆற்றங்கரையில் நிற்கிறது. ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற பெண் மருத்துவர் ஓய்வு நாட்களைக் கழிக்கக் கட்டிக்கொண்ட வீடு. வடிவமைத்தவர் மீஸ் வான் டெர் ரோ என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். 1951-ல் முடிந்தது. உள்ளே ஒரே அறை, சுற்றிலும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, வேண்டாதது என்று எதுவுமே இல்லை. உலகக் கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் படம் பிடித்துப் போகிறார்கள். ஆனால் செலவு போட்ட மதிப்பீட்டைத் தாண்டி எங்கேயோ போனது, பாக்கிக்காக மீஸ் வழக்குப் போட, பதிலுக்கு இந்த அம்மாவும் வழக்குப் போட, கடைசியில் நீதிமன்றத்தில் ஜெயித்தது மீஸ்தான். வெயில் காலத்தில் உள்ளே புழுக்கம், குளிர் காலத்தில் கண்ணாடியெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும், ராத்திரி விளக்கைப் போட்டால் பூச்சிகள் மொய்க்கும். சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஒரு குப்பைக்கூடை வைக்க முடியவில்லை, சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிறது என்று 1953-ல் ஒரு பத்திரிகையிடம் அந்த அம்மா மனம் நொந்து சொல்லியிருக்கிறார். குடியிருக்கிற வீட்டில் குப்பை சேராதா? குப்பைக்கூடைக்கு இடமில்லாத எளிமையை நான் எளிமை என்று ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அது ஒரு தோற்றம், அந்தத் தோற்றத்தைக் காப்பாற்ற ஏராளமாகப் பணம் வேண்டும்.

உங்கள் பணம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க அலமாரியைத் திறந்து பார்த்துப் பயனில்லை, வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். இன்றைக்கு நம் பணத்தைத் தின்கிற பல விஷயங்களுக்கு இடமே தேவையில்லை. படம் பார்க்க ஒரு சந்தா, பாட்டுக் கேட்க ஒன்று, போட்டோக்களைச் சேமிக்க ஒன்று, உடற்பயிற்சி சொல்லித் தர ஒன்று, இலவசம் என்று ஆரம்பித்து முதல் மாதத்துக்குப் பிறகு தானாகப் பிடித்துக்கொள்கிற ஒன்று. எதுவும் தரையில் கிடந்து காலில் இடறாது. ஒரு நாற்காலியை வெளியேற்ற இரண்டு நாள் யோசிக்கிறவர்கள்கூட இந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பதில்லை. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வட்டி மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று மனக்கணக்குப் போட்டுவிடுவோம், கட்டாமல் விட்டு வட்டிக்கு வட்டி ஏறினால் அது 42-ஐத் தாண்டிவிடும். முதலில் அந்தப் பாக்கியை அடைத்துவிடுங்கள், அதற்கு நிகரான சிக்கனம் வேறு எதுவும் இல்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வீட்டில் சாமான்களைக் குறைப்பதால் ஒரு லாபமும் கிடையாது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். 'பழைய' என்ற சொல்லை நீங்கள் போட்டுவிட்டீர்கள், அதனால் என் பழைய சண்டைக்குப் போகிறேன். அந்தப் பொருட்கள் பழசானதால் போயினவா, பழுதானதால் போயினவா? பழுது என்றால் குற்றவாளி நீங்கள் மட்டும் இல்லை. 2011-ல் ஐபோன் 4-ன் அடியில் இருந்த சாதாரண ஸ்க்ரூவை எடுத்துவிட்டு ஐந்து இதழ்ப் பூ மாதிரி தலை வைத்த ஸ்க்ரூவைப் போட ஆரம்பித்தார்கள். போனை இறுக்கிப் பிடிக்கச் சாதாரண ஸ்க்ரூவே போதும். புது ஸ்க்ரூ வந்ததும், பலர் வீட்டில் இருந்த ஸ்க்ரூ டிரைவரால் போனைத் திறக்க முடியாமல் போனது. காசு கொடுத்து வாங்கிய என் பொருளை நான் திறக்கக்கூடாது என்று இன்னொருவர் எப்படி முடிவு செய்யலாம்? பேட்டரி தேய்கிற பொருள்தான், நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏறி இறங்கினால் கொள்ளளவு குறையும், அது வேதியியல், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தேயும் என்று தெரிந்த ஒன்றைப் பசை போட்டு ஒட்டி வைப்பது வேண்டுமென்றே செய்வது. பேட்டரி ஒன்றுக்காக முழு போனும் போகிறது. ஒரு போனால் சுற்றுச்சூழலுக்கு வருகிற கார்பன் சுமையில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

முன்பு இதை எழுதியபோது வாசகர் ஒருவர், பசை போடாவிட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும், உங்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று எழுதினார். 2014-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-ஐ அவர் பார்க்கட்டும். பின்மூடியைக் கையாலேயே கழற்றி பேட்டரியை மாற்றலாம், ஐபி67 தரச்சான்றும் இருந்தது, அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது? ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி விதிகளின்படி, சில விலக்குகள் போக, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கிற சாதனங்களில் உள்ள சிறு பேட்டரிகளை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். சட்டம் வந்த பிறகுதான் வழி தெரிகிறது இந்தப் போன் தயாரிப்பாளர்களுக்கு!

2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி 'ரிப்பேர் கஃபே' என்று ஒன்றை ஆரம்பித்தார். உடைந்த பொருளோடு வருபவரும் சரிசெய்யத் தெரிந்தவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சேர்ந்து சரிசெய்வார்கள், கட்டணம் இல்லை. இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கில் நடக்கிறது. எளிய வாழ்க்கையை யாராவது எனக்குக் கற்றுக்கொடுக்க வந்தால் வெள்ளைச் சுவரும் ஒற்றைச் செடியுமாக எடுத்த போட்டோவை நீட்ட வேண்டாம், இப்படி ஒரு மேஜையைக் காட்டட்டும். தூக்கிப் போட்டதில் இன்னும் குப்பை வண்டி ஏறாதது ஏதாவது இருந்தால், இன்றைக்கே போய் எடுத்து வந்துவிடுங்கள்.