பக்கத்து மில்லுக்காரர் புகை விட்டா நமக்கு நஷ்டமா? கேள்வி-பதில்

மன்னார்குடி பக்கம் ரைஸ் மில் வச்சிருக்கேன் சார். பாய்லர் சாம்பல் வெளிய போகாம இருக்க பல லட்சம் செலவு பண்ணேன், பக்கத்து மில்லுக்காரர் ஒண்ணும் பண்ணல, என்னைவிட கம்மி ரேட்டுக்கு மூட்டை போடுறாரு. நான் ஏமாளியா?

ஏமாளி இல்லைங்க, ஆனா நீங்க பண்ண செலவு லாபமா மாறுறது உங்க கையில மட்டும் இல்ல. போன மாசம் ஒரு மில்லுக்கு கணக்கு பாக்க போனேன், களத்துல காயுற நெல்லு மேல உமிக்கரி, எதிர்வீட்டு கொடியில காயுற வேட்டியிலயும் அதே கரி, கணக்கு நோட்டுல மட்டும் அதுக்குன்னு ஒரு பைசா செலவு கிடையாது! அந்த செலவ எதிர்வீட்டுக்காரம்மா சோப்பு வாங்கி கட்டிட்டு இருக்காங்க. அவங்க செலவு மில்லுக்காரர் தலையில விழணும்னா கவர்மென்ட் நடுவுல வரணும். திருப்பூர்ல என்னாச்சு? சாயத்தண்ணி நொய்யல்ல போயி, நொய்யல் கரூர்கிட்ட நம்ம காவிரியில கலந்துச்சு. 2011 ஜனவரியில மெட்ராஸ் ஹைகோர்ட், ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுத்தண்ணி ஒரு சொட்டும் வெளிய விடாத ஏற்பாடு, வர்ற வரைக்கும் சாயப்பட்டறைய மூடுன்னு சொல்லிடுச்சு. அதுவரைக்கும் சுத்திகரிப்பு வெட்டிச்செலவு, அதுக்கப்புறம் அது இல்லாம கதவே திறக்க முடியாது. மெஷின் அதேதான், சட்டம் கடிச்சதும் அதோட மதிப்பு மாறிடுச்சு.

அப்ப கோர்ட் ஆர்டர் இருந்தா போதுமா? (நாகை வாசகர்)

உங்க ஊர்லயே பதில் இருக்கே. இறால் பண்ணைக்கு எதிரா காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா போட்ட கேஸ்ல 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துல (கடல ஒட்டி கட்டுப்பாடு இருக்குற பகுதி) இருக்குற பண்ணைய, பாரம்பரிய முறையில நடக்குறது தவிர, 1997 மார்ச் 31-க்குள்ள எடுக்க சொல்லுச்சு. 2005-ல பார்லிமென்ட்ல கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குன்னு தனி சட்டம் வந்து, பதிவு பண்ணிக்கிட்டு நடத்தலாம்னு வழி விட்டுச்சு. சரியா தப்பான்னு நான் சண்டைக்கு வரல, ஒரு கணக்குப்பிள்ளையா யோசிச்சு பாருங்க, தீர்ப்ப நம்பி உடனே குளத்த மூடுனவனுக்கு என்ன மிஞ்சும், நாள கடத்திக்கிட்டே இருந்தவனுக்கு என்ன மிஞ்சும்? கடுமையான சட்டத்தவிட நாளைக்கும் மாறாத சட்டம்தான் முக்கியம்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

எந்த நாட்டுல இஎஸ்ஜி (கம்பெனி சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூணுலயும் ஒழுங்கா நடக்குறது) அதிக லாபம் தரும் சார்? ப்ராஜெக்ட்டுக்கு வேணும். (திருவாரூர் மாணவி)

ஒரே வரி பதில் இல்லம்மா. உலக வங்கி சட்டத்தின் ஆட்சி, ஊழல் கட்டுப்பாடு, அரசோட செயல்திறன்னு ஆறு அளவுகோல் வச்சு நாடுகளுக்கு மார்க் போடுது, அத எடுத்து ஆராய்ச்சி பண்றவங்க கம்பெனி லாபத்தோட வச்சு பாப்பாங்க. நல்ல ஆட்சி இருந்தா கம்பெனி போடுற இஎஸ்ஜி அறிக்கைய நம்புவாங்க, ஷேருக்கு மதிப்பு கூடும்னு ஒரு கட்சி. ஆட்சி மோசமா இருக்குற இடத்துலதான் நேர்மையான கம்பெனி பளிச்சுன்னு தெரியும்னு இன்னொரு கட்சி. ரெண்டாவது கட்சி சொல்றது, வெளிநாட்டு பையர் இருக்குறவங்களுக்குத்தான் செல்லும்னு நான் நினைக்கிறேன், உள்ளூர் சந்தையில மூட்டை விக்கிறவருக்கு இல்ல. ஒண்ணு மறந்துடாத, லாபம் நிறைய இருக்குற கம்பெனிதான் மரம் நடவும் காசு வச்சிருக்கும், எது முதல்லன்னு பிரிச்சு பாரு.

கம்பெனிங்க போடுற பசுமை அறிக்கைய நம்பி ஷேர் வாங்கலாமா?

டாப் 1000 லிஸ்டட் கம்பெனிக்கு 2022-23ல இருந்து பி.ஆர்.எஸ்.ஆர் (சமூக, சுற்றுச்சூழல் பொறுப்ப பத்தின வருஷ அறிக்கை) கட்டாயம்னு பங்குச்சந்தைய கண்காணிக்கிற செபி சொல்லிடுச்சு. சிரிக்கிற விவசாயி போட்டோவ தள்ளிட்டு நேரா அபராதம் கட்டுன பகுதிக்கு போங்க, வெளி ஆள் சரிபார்த்த குறிப்பு இருக்கான்னும் பாருங்க. ஸ்கூலுக்கு பெஞ்சு வாங்கி கொடுத்தத இதோட போட்டு குழப்பிக்காதீங்க, அது கம்பெனி சட்டப்படி சராசரி லாபத்துல 2% சமூகத்துக்கு செலவு பண்ற சி.எஸ்.ஆர் கணக்கு, வேற பை.