அப்பா தூங்கவில்லையே, தம்பி

கேள்வி: எனக்கு வயது 52. யாங்கோனில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ராத்திரி கடையை அடைத்துவிட்டு வந்தால் போனில் பழைய தமிழ்ப் படம்தான். 'பராசக்தி'யை மட்டும் பத்துப் பதினைந்து தடவை பார்த்திருப்பேன். எங்கள் ஊரின் பழைய பெயரான ரங்கூன் என்ற பேச்சு வரும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். புதுப் படம் அரை மணி நேரத்தில் சலித்துவிடுகிறது. "பார்த்ததையே பார்க்கிற பைத்தியம்" என்கிறாள் மனைவி. 16 வயது மகளுக்குக் கொரியத் தொடர்கள் போதும். அப்பாவுக்கு 82 வயது. ராத்திரியில் தூக்கம் வராமல் முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருப்பார். அவருக்குத் தொந்தரவு வேண்டாமென்று ஹெட்போன் மாட்டிக்கொள்வேன். அந்தக் காலத்துப் படங்களைப் பற்றி அவரிடம் கேட்கலாம். ஆனால் பழைய பேச்செடுத்தால், 1965-இல் கப்பலேறிப் போன அத்தையை நினைத்துக் கலங்கிவிடுகிறார். அதனால் கேட்பதில்லை. பார்த்த படத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பது தவறா? பார்க்காத நல்ல பழைய படங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

(பெயர் வேண்டாம், யாங்கோன்)

பதில்: தம்பி, முதலில் அந்த ஹெட்போனைப் பற்றிப் பேசுவோம். மற்றதெல்லாம் அப்புறம்.

அப்பாவுக்குத் தூக்கம் வருவதில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். அடுத்த வரியிலேயே அவருக்குத் தொந்தரவு வேண்டாமென்கிறீர்கள். முழித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறவருக்கு, அடுத்த அறையில் தமிழ்ப் பேச்சு கேட்டால் என்ன தொந்தரவு? கெட்டுப்போவதற்கு அங்கே தூக்கமே இல்லையே.

அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? இருட்டில் மகன் முகத்தில் போன் வெளிச்சம். திடீரென்று சிரிக்கிறான். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். எதற்குச் சிரித்தான், எதற்கு அழுதான், ஒன்றும் தெரியாது. கூப்பிட்டாலும் உங்கள் காதில் விழாது. ஒரு வாய் தண்ணீர் வேண்டுமென்றால்கூட அவர் எழுந்து வந்து உங்கள் தோளைத் தொட வேண்டும்.

இதே கதையை எத்தனையோ வீடுகளிலிருந்து எழுதுகிறார்கள். சாப்பாடு வேளைக்கு நடக்கிறது, மாத்திரை நடக்கிறது, கைலி துவைத்து மடித்து வைத்தாகிறது. பேச்சு மட்டும் நடப்பதில்லை. கேட்டால், பெரியவரைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். பெற்றவரை வைத்துக் காப்பாற்றுவது என்றால் அவரை ஒரு மூலையில் பத்திரமாக உட்கார வைப்பது இல்லை. வீட்டில் நடக்கிற எல்லாவற்றிலும் அவருக்கு இடம் இருக்க வேண்டும். அழுகையிலும்தான்.

பார்த்ததையே பார்ப்பதில் தவறில்லை. இருபது வயதில் கோர்ட்டு வசனத்துக்காகப் பார்த்த படத்தை ஐம்பதில் தங்கை கல்யாணிக்காகப் பார்ப்போம். ஆனால் பத்துப் பதினைந்து தடவை பார்த்த உங்களுக்கு 'பராசக்தி' என்ன கதை என்று உறைத்ததா? ரங்கூனில் மூன்று அண்ணன்கள், மதுரையில் ஒரு தங்கை. தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட நினைத்தால் சண்டைக் காலம், கப்பலில் ஒருவருக்குத்தான் இடம். குணசேகரன் மட்டும் புறப்படுகிறான். இன்னொரு அண்ணன் காலை இழந்து, பிச்சைக்காரர்களோடு பிச்சைக்காரனாகிறான். கடைசியில் கல்யாணி குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது, தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருப்பது ரங்கூனிலிருந்து போன மூத்த அண்ணன். தன் தங்கைதான் எதிரே நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

ரங்கூன் என்ற பேச்சுக்குச் சிலிர்க்கிறீர்கள். அண்ணன் தங்கைக்கு நடுவில் கடல் வந்ததுதானே அந்தக் கதை! அதேபோல் ஒரு கடல் நடுவில் வந்த மனிதர் உங்கள் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும், 50, 100 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போனதும், நகை நட்டைக்கூடக் கொண்டுபோக முடியாமல் நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகச் சென்னைக்குப் போனதும் உங்களுக்குக் கேள்விப்பட்ட சரித்திரம். அவருக்கு அது அக்காவோ தங்கையோ துறைமுகத்தில் நின்ற நாள். அத்தை அவருக்கு மூத்தவரா இளையவரா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியுமா?

பேச்செடுத்தால் கலங்குகிறாராம். கலங்கட்டுமே! கூடப் பிறந்தவளை நினைத்து 82 வயதில் ஒருவர் அழுதால் அதில் என்ன கெட்டுவிட்டது? அவர் தனியாக அழுவதுதான் கொடுமை. சினிமாவில் வருகிற கல்யாணிக்காக ராத்திரி ராத்திரி அழத் தெரிந்த உங்களுக்கு, சொந்த அத்தைக்காக அப்பாவோடு சேர்ந்து அழத் தெம்பு இல்லையா?

பழைய படங்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறீர்கள். அவரைக் கேளுங்கள். பர்மாவை வைத்துத் தமிழில் என்னென்ன படம் வந்தது என்று தேடினால் போன் நாலு பெயர் சொல்லும். 1945-லேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'பர்மா ராணி'யையும் சொல்லும். ஆனால் யாரோடு போய்ப் பார்த்தார், இடைவேளையில் என்ன வாங்கித் தின்றார், எந்தப் பாட்டை அத்தை வீட்டில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார் என்பதை எந்த போனும் சொல்லாது. அப்பாவுக்குப் படத்தின் பெயர் மறந்திருக்கலாம். பாட்டின் முதல் அடி ஞாபகமிருந்தால் போதும், அதை வைத்துத் தேடிவிடலாம். அப்படிக் கிடைக்கிற படத்தை அரை மணி நேரத்தில் நிறுத்த உங்களுக்கு மனசு வராது.

ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்குங்கள். பழைய படங்களின் ஒலி கரகரக்கும், போனில் கேட்டால் வயசானவர்களுக்கு வசனம் பிடிபடாது. எந்தக் காது நன்றாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் உட்காருங்கள். மூன்று மணி நேரப் படத்தை ஒரே ராத்திரியில் முடிக்க வேண்டாம், கரண்ட் இருக்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாருங்கள். நடுவில் அவர் பேச ஆரம்பித்தால் படத்தை நிறுத்துங்கள். "இருங்கப்பா, இந்த ஸீன் முடியட்டும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மகளையும் கூப்பிடுங்கள். பர்மிய மொழியில் படித்து வளர்ந்த பிள்ளைக்குக் கலைஞர் வசனம் ஓடுகிற வேகத்தில் பாதிகூடப் புரியாது. தாத்தா அவளுக்குப் பர்மிய மொழியில் சொல்லிக் கொடுக்கட்டும். வராமல் எங்கே போவாள் என்று நினைக்காதீர்கள், அவள் வரமாட்டாள்தான். நீங்கள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைக்க வேண்டும், அது தகப்பன் வேலை. மனைவியின் கோபத்துக்கும் நான் வேறு மருந்து சொல்லப்போவதில்லை. காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் எந்தப் பெண் நல்லபடியாகப் பேசுவாள்?

அப்புறம், அத்தை பெயர், எந்தக் கப்பலில் போனார், எந்த ஊரில் இறங்கினார், இருக்கிறாரா, பிள்ளைகள் எத்தனை பேர், இதையெல்லாம் அப்பாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவருடைய போன் நம்பராவது கிடைக்கும்வரை விசாரியுங்கள். கிடைத்ததும் முதலில் அப்பாவைப் பேச வையுங்கள். பார்க்க வேண்டிய படங்களின் பட்டியல் அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.