முழங்கால் மடிப்பில் ஒரு புள்ளி: இடுப்புவலி கேள்வி-பதில்

பீடி சுற்றுகிறேன். முறத்தை மடியில் வைத்துக் காலையில் உட்கார்ந்தால், சாயங்காலம் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. யூ.பி.40 என்ற அக்குபங்சர் புள்ளியை அழுத்தச் சொல்கிறார்கள். அது எங்கே இருக்கிறது? (வாசகி, குடியாத்தம்)

முழங்காலை லேசாக மடக்குங்கள் அம்மா. பின்பக்கம் குறுக்கே ஒரு மடிப்புக்கோடு விழும். அந்தக் கோட்டின் நட்டநடுவில் விரலுக்குப் பள்ளமாகத் தட்டுப்படும் இடம்தான். சீன மருத்துவம் சொல்லும் சிறுநீர்ப்பைப் பாதையில் (அதன் சுருக்கம்தான் யூ.பி.) உள்ள 67 புள்ளிகளில் இது 40ஆவது. சீனப் பெயர் வெய்ஜோங். இடுப்பிலும் முதுகிலும் வலி என்றால் வெய்ஜோங்கைத் தேடு என்று பழைய சீன மருத்துவப் பாட்டிலேயே வருகிறது.

கட்டைவிரலால் ஒரு நிமிடம், இரண்டு காலிலும் அழுத்துங்கள். அடியிலேயே பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால் இதமாகத்தான் அழுத்த வேண்டும். ஆனால் ஒன்று: அரைமணிக்கு ஒருமுறை முறத்தை இறக்கிவைத்து நாலு எட்டு நடக்காவிட்டால், இறங்கிய வலி மறுநாளே திரும்பிவிடும். கூலி குறையுமே என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நடக்காமல் விட்டால் வேலைக்கே உட்கார முடியாத நாள் வந்துவிடும் அம்மா.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் வேலை. வலி புட்டத்தில் தொடங்கி, தொடை வழியாகப் பாதம் வரை இழுக்கிறது.

இது சயாட்டிகாவாக, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் பெரிய நரம்பின் வலியாக இருக்கலாம். புட்டத்தில் ஜி.பி.30 என்ற பித்தப்பைப் பாதைப் புள்ளி உண்டு. அதில் ஊசி ஆழமாக இறங்கும், பயிற்சி பெற்றவர்தான் போட வேண்டும். ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஊசியா என்று கேட்டுவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். வெளிக்கணுக்கால் எலும்புக்கும் குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாணுக்கும் நடுவிலுள்ள யூ.பி.60ஐ நீங்களே அழுத்தலாம்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ புள்ளி, ஊசி எதுவும் வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நரம்பு நசுங்கியிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மகளுக்கு ஏழாம் மாதம். இடுப்புவலிக்கு யூ.பி.60 அழுத்தலாமா? (காட்பாடி)

வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அந்தப் புள்ளியைத் தொடுவதில்லை என்பது எங்கள் மரபு.

நின்றே பாடம் நடத்துகிறேன். முழங்காலுக்குப் பின்னால் நரம்புச் சுருட்டல் இருக்கிறது. யூ.பி.40 அழுத்தலாமா? (ஆசிரியர், வாலாஜாபேட்டை)

சுருண்ட இடத்தில் அழுத்தவே கூடாது சார். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.