வயலில் மனைக் கல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் வயலை ஒட்டி இரண்டு ஏக்கரில் செம்மண் கொட்டி மனைக் கல் நட்டுவிட்டார்கள். அனுமதி இருக்கிறதா என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. முதலில் எங்கே போவது?

சர்வே எண்ணைக் கையில் எடுங்கள். அது இல்லாத மனு எந்த அலுவலகத்திலும் நகராது. அந்த எண்களுக்கு அ-பதிவேடும் (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கு) புலப்படமும் (நிலத்தின் அளவைப் படம்) வாங்கிக்கொண்டு, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) மாவட்ட அலுவலகத்துக்கும் ஊராட்சிக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். மனைப்பிரிவு விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று கேட்டு, வரைபடத்தின் நகலையும் வேளாண் துறை தந்த கருத்தின் நகலையும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. அதுவரை சும்மா இருக்க வேண்டாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். இன்னொன்று: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதே தவறு. இரண்டு ஏக்கர் என்பது சுமார் 8,000 சதுர மீட்டர். அதனால் அவர்களின் நோட்டீஸில் ரெரா எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நன்செய்தான், ஆனால் பல வருடமாகத் தரிசு. "இனி இது விவசாய நிலமே இல்லை" என்கிறார் புரோமோட்டர். சரியா?

சரியில்லை. தரிசாகக் கிடந்தாலும் அ-பதிவேட்டில் அது நன்செய்தான். முழுமைத் திட்டம் (எந்த இடம் எதற்கு என்று வரையறுக்கும் மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதி என்றால், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவும் 2017-ல் வந்த நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளும் பொருந்தும். முழுமைத் திட்டத்துக்குள் வரும் இடம் என்றால் நிலப் பயன்பாட்டு வகையை மாற்றும் மறுவகைப்பாட்டு நடைமுறை அதற்குத் தனியாக உண்டு.

ஏன் தரிசானது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். பழைய பசலிகளின் (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டுகள்) அடங்கலை, அதாவது என்ன பயிர் இருந்தது என்று காட்டும் பதிவேட்டை, எடுத்துப் பாருங்கள். ஒரு வருடம் வரை நெல் இருந்து அப்புறம் திடீரென நின்றிருந்தால், அந்த வருடம் மேல்மடையில் என்ன நடந்தது என்று தேடுங்கள். தண்ணீர் வரும் வழி அடைபட்டதால் தரிசான நிலத்துக்குத் தேவை தூர்வாரல், மனைக் கல் அல்ல. இதை ஆட்சேபணையில் தேதியோடு எழுதுங்கள்.

எங்கள் பாசன வாய்க்கால் அவர்கள் வரைபடத்தில் 30 அடி ரோடாக இருக்கிறது. "குழாய் போட்டுத் தருகிறோம்" என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

ஒத்துக்கொள்ளாதீர்கள். வாய்க்காலை வருடா வருடம் மண்வெட்டியால் வெட்டிவிட ஆள் இறங்க முடியும். ரோட்டுக்கு அடியில் போன குழாய்க்குள் யார் இறங்குவது? வண்டல் படிந்து குழாய் அடைத்ததும் கடைமடை வயல் காயும், மேல்வயல் அழுகும்.

இனி சட்டப்படி நிற்பதற்கு, உங்கள் வாய்க்கால் எந்த வகை என்று பாருங்கள். புலப்படத்தில் தனி சர்வே எண்ணோடு "வாய்க்கால் புறம்போக்கு" என்று இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அது அரசு நிலம், எந்தப் புரோமோட்டரும் தன் மனைப்பிரிவில் சேர்க்க முடியாது. பொது நீர்நிலைகளையும் ஊர்ப் பொது நிலங்களையும் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது.

பட்டா நிலத்துக்குள்ளேயே காலம் காலமாக ஓடும் வயல் வாய்க்காலுக்குத்தான் சிக்கல். வரைபடத்தில் அது இருக்காது, அளக்க வருகிறவர் கண்ணிலும் படாது. ஆனால் 20 ஆண்டு தடையின்றி, வெளிப்படையாக அதில் தண்ணீர் பாய்ச்சியிருந்தால், 1882-ம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டப்படி (அடுத்தவர் நிலத்தின் மீதான பயன்பாட்டு உரிமை பற்றிய சட்டம்) உங்களுக்கு உரிமை உண்டு. தடுத்த பிறகு வழக்கைத் தள்ளிப்போடக் கூடாது, இரண்டு ஆண்டு தாண்டினால் இந்த உரிமையே கேள்விக்குள்ளாகும். தண்ணீர் ஓடும் நாளில் படமும் வீடியோவும் எடுங்கள். அதில் பாய்கிற எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

வடிகாலையும் மறக்காதீர்கள். மனைக்காக மண் கொட்டி மூன்றடி உயர்த்தினால், மழைத் தண்ணீர் உங்கள் வயலில்தான் வந்து நிற்கும். தரைமட்டம் எவ்வளவு உயர்கிறது, நீர்வளத் துறை என்ன சொன்னது என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

நாங்கள் டெல்டாவில் இருக்கிறோம். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்பதால் வீட்டு மனை வராதுதானே?

வரும். 2020-ம் ஆண்டுச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, தோல் பதனிடுதல், உருக்கு ஆலை போன்றவற்றை. அந்தப் பட்டியலில் வீட்டு மனை இல்லை. இதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் நின்றுவிடுமா?

தானாக நிற்காது. ஆனாலும் போடுங்கள். தொழில்நுட்ப அனுமதி டிடிசிபி தருவது, இறுதி அனுமதி உள்ளாட்சி தருவது. அதனால் தீர்மானம் கோப்பில் இருந்தால், அதைத் தாண்டிக் கையெழுத்துப் போடுகிறவர் காரணம் சொல்ல வேண்டிவரும். "விவசாயத்தை அழிக்காதே" என்று மட்டும் எழுதாமல் சர்வே எண், வாய்க்கால், பாதிக்கப்படும் ஏக்கர் எல்லாம் தீர்மானத்தில் வரட்டும். பெரிய வீட்டுத் திட்டத்துக்குப் பொது விசாரணை நடக்கும் என்று பலர் காத்திருக்கிறார்கள். 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கை கட்டுமானத் திட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. உங்கள் எழுத்து மனுதான் உங்கள் குரல்.

அங்கீகாரம் இல்லாத மனைக்குப் போன மாதம் முன்பணம் கொடுத்துவிட்டேன். பிறகு வரன்முறைப்படுத்திக்கொள்ளலாமா?

வரன்முறைத் திட்டம் 20.10.2016-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான். உங்களுடையது புதிது என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள், கொடுத்ததைத் திரும்பக் கேளுங்கள்.