கெடுவுக்கு எத்தனை கொம்பு?

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டீம் லீடாக இருக்கிறேன். எனக்குக் கீழே ஆறு பேர். தினமும் 12 மணி நேர வேலை. கெடு நெருங்கிவிட்டால் சனி, ஞாயிறும் கிடையாது. வீட்டில் முகம் பார்த்துப் பேசியே நாளாகிறது. வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையே சமநிலை காண்பது எப்படி? நேர மேலாண்மைக்கு ஏதாவது யோசனை சொல்லுங்களேன்.

பதில்: 'டெட்லைன்' என்று எழுதாமல் 'கெடு' என்று எழுதினீர்கள் பாருங்கள், அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. இந்த அலுவலகத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் எல்லோரும் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். காரணம் உண்டு. இரண்டு வருடம் முன்னால் சந்தா அறிவிப்பில் 'சந்தா புதுப்பிக்கக் கெடு: இம்மாத இறுதி' என்று வரவேண்டியது, எங்கோ ஒரு சுழி கூடிப்போய் 'சந்தா புதுப்பிக்கக் கேடு: இம்மாத இறுதி' என்று அச்சாகிவிட்டது. ப்ரூஃப் பார்த்தவர் நான். வழக்கமாக மூன்று நினைவூட்டல் கடிதம் போனால்தான் அசைவார்கள் நம் சந்தாதாரர்கள், அந்த மாதம் மட்டும் முண்டியடித்துக்கொண்டு பணம் கட்டினார்கள். புதுப்பித்தால் கேடா, புதுப்பிக்காவிட்டால் கேடா என்று தெளிவாகப் போடவில்லையே என்று ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். மெய்ப்புத் திருத்தும் நண்பர் அன்றிலிருந்து என்னை ப்ரூஃப் பக்கமே விடுவதில்லை. நானும் அவரிடம் பழைய கதை ஒன்றைச் சொல்லி வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்: ஓலைச்சுவடியில் புள்ளி வைக்கிற வழக்கம் இல்லை, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான், ஆகவே கெடு என்று எழுதினாலும் கேடு என்று எழுதினாலும் ஓலையில் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும், படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வந்து நெடிலுக்குச் சுழித்த கொம்பு போட்டுக் கொடுத்த பிறகுதான் இரண்டும் பிரிந்தன. நான் ஏதோ பழைய முறையில் அச்சடித்துவிட்டேன், அவ்வளவுதானே! நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த ஓலைதான் ஞாபகம் வந்தது. உங்கள் அலுவலகத்துக்கு இன்னும் வீரமாமுனிவர் வந்து சேரவில்லை.

கெடு என்கிற சொல்லை நம் ஆட்கள் எங்கே சொல்லுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடன் வாங்கியவன் சொல்லுவான்: "பத்து நாள் கெடு கொடுங்க, கொடுத்துடறேன்." அதாவது கெடு என்பது கொடுக்க வேண்டியவன் கேட்டு வாங்குகிற அவகாசம். வட்டிக்கு விட்டவரே எவ்வளவு கறாரானவராக இருந்தாலும் "சரி, எப்ப தருவே, நீயே சொல்லு" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கத்துவார். தேதி சொல்லும் உரிமை கடன் வாங்கியவனுக்கே இருந்தது. உங்கள் தொழிலில் கடன் வாங்காதவனுக்குக் கெடு வைக்கிறார்கள், தேதியை வேலை செய்கிறவன் கடைசியாகத் தெரிந்துகொள்கிறான். விற்பனைப் பிரிவு வாடிக்கையாளரிடம் ஒரு தேதியைச் சொல்லிக் கைகுலுக்கிவிடும். அந்தத் தேதி மேலதிகாரிக்கு வந்து, அங்கே 'பாதுகாப்புக்காக' ஒரு வாரம் குறைந்து, உங்களிடம் இறங்கும். அப்புறம் நீங்கள் உங்கள் ஆறு பேரையும் உட்கார வைத்து "எஸ்டிமேட் கொடுங்க" என்பீர்கள். விடையைப் பலகையில் எழுதிவிட்டுக் கணக்கைப் போடச் சொல்கிற வாத்தியாரை நான் உங்கள் துறையில்தான் பார்க்கிறேன்.

டெட்லைன் மட்டும் யோக்கியமான சொல்லா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜார்ஜியாவில் இருந்த ஆண்டர்சன்வில் போர்க்கைதி முகாமில் மதிலுக்கு உள்பக்கம் ஒரு சின்ன வேலி போட்டிருந்தார்கள். அதைத் தாண்டுகிற கைதியைக் காவலர் சுடலாம். அதன் பெயர்தான் டெட்லைன். பின்னாளில் பத்திரிகைக்காரர்கள் அதே சொல்லை அச்சுக்குப் போகும் நேரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். எங்களிடமிருந்துதான் ஊரெல்லாம் பரவியிருக்கிறது என்று நினைக்கிறேன், அந்த வகையில் என் தொழில் சார்பாக ஒரு மன்னிப்பு. ஒரு வித்தியாசம் கவனியுங்கள். சிறையில் வேலியைத் தாண்டினால்தான் சுடுவார்கள். உங்களை வேலி வரை ஓடவிட்டு, போய்ச் சேர்ந்ததும் அதை நகர்த்தி வைத்து மறுபடி ஓடச் சொல்கிறார்கள். உங்கள் தொழிலில் அந்தக் குறுகிய வேலைச் சுற்றுக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர் வேறு! ஓட்டப் பந்தயத்தில் அது 100, 200 மீட்டர் ஓடிவிட்டு மூச்சு வாங்க உட்காருகிற ஓட்டம். இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் வருடத்துக்கு 26 தடவை ஓடினால் அதை நம் ஊர் பாஷையில் விரட்டியடிப்பது என்போம்.

சரி, உங்கள் 12 மணி நேரத்துக்கு வருகிறேன். வாரத்துக்கு 60. 2021இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைக்கிறவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். இதை நேர மேலாண்மைப் பயிற்சியாளர்கள் ஏன் முதல் ஸ்லைடில் போடுவதில்லை என்று எனக்குத் தெரியும். (அந்தப் பயிற்சியாளர்களோடு எனக்குப் பழைய வரவு செலவு ஒன்று இருக்கிறது. ஒரு கூட்டத்தில் ஒருவர் நேரத்தை வீணாக்காதது எப்படி என்று ஒதுக்கிய நேரத்துக்கு மேல் 40 நிமிடம் பேசினார். அடுத்துப் பேசவேண்டிய ஆள் நான்.)

உயிர் போகிறதே, வேலையாவது கூடுதலாக நடக்கிறதா? பொருளாதார அறிஞர் ஜான் பென்கவெல் 2014இல் ஒரு பழைய கணக்கைத் தோண்டி எடுத்துப் பார்த்தார். முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்தவர்களின் கணக்கு. வாரம் 70 மணி நேரம் உழைத்தபோது கிடைத்த உற்பத்திக்கும் 56 மணி நேரம் உழைத்தபோது கிடைத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 14 மணி நேரம் அப்படியே காற்றோடு போயிருக்கிறது. அங்கேயாவது களைத்தவர் குறைவாகச் செய்தார், அவ்வளவோடு போயிற்று. உங்கள் தொழிலில் களைத்தவர் செய்வது கழித்தல் கணக்கில் போகும். ராத்திரி ஒரு மணிக்குக் கண் சொருக எழுதிய நாலு வரியைத் தேடிப் பிடிக்க இன்னொருவருக்கு ஒரு சனிக்கிழமை ஆகும், அந்தச் சனிக்கிழமை களைப்பில் அவர் ஒன்றைக் கெடுத்து வைப்பார், அது வேறொருவரின் ஞாயிற்றுக்கிழமை.

கூடுதல் ஆள் கேட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதைதான். ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்/360 என்கிற பிரம்மாண்டமான மென்பொருளைக் கட்டி மேய்த்த ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார், தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் இன்னும் தாமதமாகும் என்று. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே பழைய ஆட்களின் நேரம் போய்விடும். எத்தனை பெண்களை வேலைக்குப் போட்டாலும் பிள்ளை பிறக்க ஒன்பது மாதம் ஆகும் என்றார். நம் கணக்கில் பத்து. உங்கள் வாடிக்கையாளர் கணக்கில் எத்தனை என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

முதல் மெக்கின்டாஷ் கணினியைச் செய்த குழுவினருக்கு ஆப்பிளில் ஒரு மேலாடை கொடுத்தார்களாம், 'வாரம் 90 மணி நேரம், அதுவும் ஆசை ஆசையாய்' என்கிற மாதிரி வாசகத்தோடு. அந்தக் குழுவில் இருந்த பொறியாளர் ஒருவர் வேலையை விட்ட பிறகு அதில் 9ஐ மட்டும் மறைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். வாரம் 0 மணி நேரம், அதுவும் ஆசை ஆசையாய். இந்தத் தலைப்பில் இதுவரை எழுதப்பட்ட எல்லாவற்றிலும் சிறந்தது அந்த ஒட்டு வேலைதான் என்பேன். கம்பெனி பங்கைக் கையில் வைத்திருக்கிற முதலாளி 90 மணி நேரம் காயட்டும், எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது. எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று நம் கிழவிகள் கேட்டதற்கு எந்த முதலாளியும் பதில் சொல்லிக் கேட்டதில்லை. சீனத்தில் காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் என்கிற '996' முறையை அலிபாபா நிறுவனர் ஜாக் மா 2019இல் பெரும் பாக்கியம் என்றார். அந்த நாட்டு உச்ச மக்கள் நீதிமன்றம் 2021இல் அது சட்டவிரோதம் என்றது.

சமநிலையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்கிறீர்களா? தராசைக் கையில் பிடித்திருப்பவர் நீங்களாக இருந்தால் அல்லவா நான் உங்களுக்கு யோசனை சொல்ல முடியும். 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போட்ட முதல் உடன்படிக்கையே ஆலைத் தொழிலாளர்களுக்கு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதுதான். மேற்பார்வை பார்க்கிறவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் இது பொருந்தாது என்று அதிலேயே ஒரு விலக்கு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கும் மென்பொருள் பொறியாளர்களுக்கு ஓவர்டைம் தரவேண்டாம் என்று தனி விலக்கே உண்டு. ஒன்பதாவது மணி நேரத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்றால் பத்தாவதுக்கும் பதினோராவதுக்கும் யார் யோசிப்பார்கள்? ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்பது வசவு இல்லை, பொருளாதாரம். டீம் 'லீட்' என்று உங்களுக்குப் பதவி கொடுத்தபோது ஒரு கொம்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்று நினைத்திருப்பீர்கள், கொடுத்தது அந்த மேற்பார்வையாளர் விலக்கை.

இனிமேல் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் கடிதத்தில் ஆறு பேர் ஒரே ஒரு தடவை வருகிறார்கள், 'எனக்குக் கீழே' என்று. உங்களுக்கு மேலே இருப்பவரிடம் போய்க் கெடு கேளுங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். கீழே? அந்த ஆறு பேருக்குத் தேதி வைக்கிறவர் நீங்கள். ராத்திரி 11:40க்கு "அவசரம் இல்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று ஒரு மெசேஜ் அனுப்பும் பழக்கம் உங்களுக்கு உண்டா? நாளைக்குப் பார்த்தால் போதும் என்றால் நாளைக்கே அனுப்பியிருக்கலாமே. இருட்டில் தலைமாட்டில் போன் ஒளிரும், கை தானாகப் போகும், படித்துவிட்ட அடையாளமாய் அந்த இரண்டு டிக் நீலமாகும், பார்த்துவிட்டாரே, பதில் போடவில்லையே என்று நீங்கள் நினைப்பீர்கள் என்று அவர் நினைப்பார், அப்புறம் எங்கே தூக்கம்? பிரான்சில் 2017 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் இப்படி வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டம். ஆஸ்திரேலியாவில் 2024இல் வந்தது. உங்கள் ஆறு பேருக்குச் சட்டம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை, நீங்கள் அந்தக் கட்டைவிரலை அடக்கினால் இன்றைக்கே அமலுக்கு வந்துவிடும்.

இந்தப் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு அச்சகத்துக்குப் போயிருக்க வேண்டும். இப்போது மணி ஒன்பது பத்து. உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, நான் உட்கார்ந்தது இன்று மதியம். லே-அவுட் செய்யும் தம்பி மூன்றாவது முறையாகக் கதவருகே வந்து நின்றார். "முடிஞ்சுதா சார்?" என்று கேட்கவில்லை, பையைத் தோளில் மாட்டியிருந்தார். ஐந்தே நிமிடம் என்றேன். சிரித்துவிட்டுப் பையைக் கழற்றி வைத்தார். ஆகவே, தம்பி, இத்தோடு பக்கத்தை மூடிவிட்டுக் கிளம்புங்கள். கீழே இடம் மிச்சம் இருந்தால் அந்தச் சந்தா அறிவிப்பையே போட்டு நிரப்பிவிடலாம். சுழியை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், நான் பார்க்கமாட்டேன்.