குழந்தைகளுக்கான ஹார்மோன் நிபுணராக இன்னும் எத்தனை ஆண்டு பயிற்சி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அக்கா கேட்கிறார்: "மகள் குழந்தை மருத்துவ நிபுணராகிவிட்டாள். ஹார்மோன் துறைக்குப் போக இன்னும் எத்தனை வருஷம்?"

பொதுவாக 3 ஆண்டு, அக்கா. அமெரிக்காவிலும் அவ்வளவுதான். மகள் தாராளமாகப் போகட்டும், நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசும் இப்படியொரு டாக்டர் கட்டாயம் வேண்டும்.

முதல் வகை நீரிழிவு, தைராய்டு, வளர்ச்சிக் குறை, சிறு வயதிலேயே பூப்பெய்துவது எல்லாம் இதில் வரும். இடது கை எக்ஸ்ரேயைப் பார்த்தே எலும்பின் வயதைச் சொல்லக் கண் பழக வேண்டும்.

அப்புறம், குடும்பத்துக்குச் சொல்லித் தருவது. அம்மா விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்விட்டால், காலை இன்சுலினைப் பாட்டிதான் போட வேண்டும். பாட்டி பேனா ஊசியைத் திருகும்போது, அதில் தெரியும் எண்ணைப் பார்த்துச் சரியான அளவு வைக்கப் பழக்குவதும் அந்தப் பயிற்சியில்தான் கைவரும்.